வருஷா வருஷம் வரும் தும்மல்: வீட்டிலேயே என்ன செய்யலாம்?



மார்கழி, தை மாதக் குழுக் கூட்டங்களில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். வரவு செலவு வாசித்து முடிப்பதற்குள் நாலு பேர் தும்மிவிடுவார்கள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கேட்டால், "பனி ஒத்துக்கலக்கா, வருஷா வருஷம் இப்படித்தான்" என்று பதில் வரும்.

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு உறுப்பினரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கு ஒழுகல், கண் அரிப்பு, ராத்திரி தூக்கமில்லை. மருந்துக்கடையில் சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இரண்டே நாளில் குணம். விட்டால் திரும்ப வந்தது, மறுபடி அதே மாத்திரை. மூன்று மாதத்தில் முகம் உப்பிவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. மருத்துவச் செலவுக்கென்று குழுவில் இரண்டு முறை உள்கடன் வாங்கினார். கடைசியில் அரசு மருத்துவமனையில் மாத்திரை அட்டையைக் காட்டியபோதுதான் அதில் ஸ்டீராய்டு இருந்தது தெரிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்றீங்க, வீட்டைச் சுத்தி என்ன செடி இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வியை நாம் யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

இது சளியா, அலர்ஜியா? சாதாரண சளி என்றால் உடம்பு வலிக்கும், காய்ச்சல் அடிக்கலாம், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அலர்ஜி என்கிற ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும், தண்ணீராக ஒழுகும், தொடர்ந்து பத்து இருபது தும்மல் வரும், வாரக்கணக்கில் நீடிக்கும். மகரந்தத் தூள், தூசி போன்றவற்றை நம் உடம்பு எதிரி என்று தவறாக நினைத்துச் சண்டை போடுகிறது. அப்போது சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் அரிப்பையும் ஒழுகலையும் கொண்டுவருகிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் பனி? பாவம், பனி மேல் முழுப்பழியையும் போட முடியாது. குளிர்காற்று மூக்கை உறுத்தும், உண்மைதான். ஆனால் மழை முடிந்ததும் களைச்செடிகள் பூக்கின்றன, அறுவடைத் தூசி கிளம்புகிறது, பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கிறோம், போகியன்று பழையதைக் கொளுத்துகிறோம். பனிக்காலத்தில் இந்தப் புகையும் தூசியும் மேலே போகாமல் தாழ்வாகவே நிற்கும். அதை விடியற்காலையில் வாசல் பெருக்கும் நாம்தான் முதலில் சுவாசிக்கிறோம்.

இதிலிருந்தே வழியும் தெரிகிறது. எதைக் குடிப்பது என்று தேடுவதற்கு முன்னால், எது மூக்குக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். காசு செலவில்லாத வைத்தியம் அதுதான்.

களையெடுக்க, நெல் தூற்ற, கடலை உடைக்க, பருத்தி எடுக்கப் போகும்போது பழைய பருத்திச் சேலைத் துணியை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். 2020ல் கொரோனா நேரத்தில் நம் குழுக்கள் ராப்பகலாக முகக்கவசம் தைத்தார்களே, அவை பீரோவில் கிடந்தால் எடுங்கள். வேலை முடிந்து வந்ததும் முகம், கண், கை கால் கழுவி, முடிந்தால் தலைக்கும் ஊற்றிச் சேலையை மாற்றுங்கள். வேலைக்குக் கட்டிய சேலையோடு படுத்தால் மகரந்தத்தோடு படுத்த மாதிரி. துவைத்த துணியை சீமைக்கருவேல வேலி மேல் காயப்போடும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது. அந்த மரத்தின் மகரந்தமும் அலர்ஜி தரக்கூடியது. கொடி கட்டிக் காயப்போடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் உண்டு. தலையணை, மெத்தை, போர்வையில் வாழும். வாரம் ஒருமுறை படுக்கையை நல்ல வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். உறைகளையும் போர்வையையும் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். தரையைத் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் வேலையை அலர்ஜி இல்லாத ஒருவர் செய்யட்டும். வீட்டு ஆண்களுக்கும் கை இருக்கிறது, ஒட்டடைக் குச்சியும் அவர்களுக்கு எட்டும்.

மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுவது நல்ல பலன் தரும் முறை. மருத்துவர்களும் இதைச் சொல்கிறார்கள். கால் லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு கலக்குங்கள். தலையைச் சாய்த்து ஒரு மூக்கில் மெதுவாக ஊற்றினால் மறுபக்கம் வழியும். வாயால் மூச்சு விடுங்கள். பிறகு அடுத்த பக்கம். ஒன்று முக்கியம்: குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடவே கூடாது. 2024லும் 2025லும் கேரளத்தில் பலரைப் பாதித்த அமீபா மூளைக்காய்ச்சல், அசுத்தத் தண்ணீர் மூக்கு வழியாகப் போவதால் வருவதுதான்.

சரி, கஷாயம் வேண்டாமா என்று பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம். தூதுவளை ரசம், மிளகு மஞ்சள் பால், துளசி, கற்பூரவல்லி எல்லாம் தொண்டைக்கு இதம் தரும், சளியைக் கரைக்க உதவும். ஆடாதோடையில் உள்ள பொருளை வைத்துத்தான் இங்கிலீஷ் இருமல் மருந்து ஒன்றையே கண்டுபிடித்தார்கள். ஆனால் கர்ப்பிணிகள் ஆடாதோடை சாப்பிடக் கூடாது, அது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும். நொச்சி இலை ஆவி பிடித்தால் அடைப்பு விடும், அந்த நேரத்துக்கு நிம்மதி. சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்காரவைக்காதீர்கள். பாத்திரம் சாய்ந்தால் பிள்ளை வெந்துபோகும். இவை எல்லாம் உபத்திரவத்தைக் குறைப்பவை. காரணம் வெளியே இருக்கும்வரை அலர்ஜி திரும்ப வரும்.

நாட்டு வைத்தியம் என்ற பெயரில் நாம் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. கைக்குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதுவது கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமோ, கற்பூரம் சேர்ந்த தைலமோ தடவ வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம். மூச்சுத் தொல்லை உள்ள வீட்டில் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள் இரண்டும் எதிரி. கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் நிற்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். செட்ரிசின் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். சிலருக்குத் தூக்கம் வரும், அதனால் ராத்திரியில் சாப்பிடுவது நல்லது. கடையில் பிரித்துக் கொடுக்கும் செட் மாத்திரை மட்டும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அலர்ஜி என்று நாமே முடிவு கட்டாமல் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோயாக இருக்கலாம். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். மூச்சு விடும்போது 'விசில்' சத்தம், பேச முடியாத இளைப்பு, குழந்தைக்கு விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, உதடு நீலமாவது, இதில் எதைக் கண்டாலும் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 108. ஆஸ்துமாவுக்கு டாக்டர் இன்ஹேலர் கொடுத்தால் "பழகிப்போயிடும்" என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். பழகாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும்.

நாம் முதலில் சொன்ன உறுப்பினருக்குக் காரணமாக இருந்தது அவர் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவு வளர்ந்திருந்த பார்த்தீனியம். காங்கிரஸ் செடி என்றும் சொல்வார்கள். 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட இந்த வெளிநாட்டுச் செடி இன்று பொட்டல், ரோட்டோரம், பள்ளிக்கூட மைதானம் எங்கும் இருக்கிறது. தும்மல், இளைப்பு மட்டுமல்ல, தொட்டால் தோல் அரிப்பும் வரும். அந்த வீட்டில் கொல்லையைச் சுத்தம் செய்தது அவர் குழுவினர்தான். நீங்களும் செய்யலாம். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வெள்ளைப் பூ வைக்கும் முன்பே, கையுறை போட்டு மூக்கைக் கட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பயிர் இல்லாத இடமானால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, நல்ல வெயில் நாளில் செடி முழுக்க நனையும்படி தெளித்தால் கருகிவிடும். பயிர் நிலத்தில் இதைச் செய்யாதீர்கள், மண் கெட்டுப்போகும். பூத்த செடியைக் கொளுத்தவும் வேண்டாம். அலர்ஜி உள்ள உறுப்பினரை அன்று செடிப் பக்கம் விடாமல், வருகைப் பதிவேடு எழுத உட்காரவையுங்கள்.