சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்குச் சந்தேகத்தின் பலனை அளிப்பது நீதிஸ்தலங்களின் தர்மம். கரியமில வாயுவுக்கும் அதே சலுகையைக் காட்ட வேண்டுமென்று சில ராஜதந்திரிகள் நெடுநாளாக வாதாடி வருகிறார்கள். பூமி எவ்வளவு சூடேறும் என்பதை விஞ்ஞானிகள் முதலில் திட்டமாகச் சொல்லட்டும், பிறகு யோசிப்போம் என்பது அவர்கள் கட்சி.

விஞ்ஞானிகள் திட்டமாகச் சொல்லவில்லை என்பது மெய்யே. 1979-ஆம் வருஷத்தில், அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் விஞ்ஞான ஆலோசகர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜூல் சார்னி என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு சிறு குழு கூடிற்று. காற்றிலுள்ள கரியமில வாயு இரட்டித்தால் உலகின் உஷ்ணம் எவ்வளவு உயரும்? சுமார் 3 டிகிரி. அதற்குமேல் ஒன்றரை கூடினும் கூடலாம், ஒன்றரை குறையினும் குறையலாம் என்றது குழு. விடை இவ்வளவு அகன்றதற்கு முக்கிய காரணம் மேகங்கள். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பியனுப்பிக் குளிர்விக்கிறது. உயரத்து மெல்லிய மேகமோ பூமியின் உஷ்ணத்தைப் போர்வைபோல் பிடித்து வைக்கிறது. சூடேறிய உலகில் எது மிகும், எது குறையும் என்று கணக்கிடுவது எளிதன்று. 42 வருஷ ஆராய்ச்சிக்குப் பின், 2021-இல், ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு அவ்விடையை இரண்டரை முதல் 4 டிகிரி வரை என்று குறுக்கியது. நடுவிலுள்ள எண் அதே மூன்றுதான்!

இந்த விவாதம் முடியட்டுமென்று வாயு காத்திருக்கவில்லை. 1979-இல் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 337 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஏறியதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் இறங்காது.

சந்தேகம் என்பது இருபுறமும் உள்ள சங்கதி என்பதை இவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? குறைவாகவும் சூடேறலாம் என்றால், அதிகமாகவும் ஏறலாம். குறைந்தால் நஷ்டம், முன்கூட்டிச் செலவழித்த பணம். மிகுந்தால் நஷ்டம், கடலோரக் குடியானவனின் வயலும் வீடும். முந்திய நஷ்டத்தை ஈடுசெய்ய வழியுண்டு. ஏரிக்கரையில் கசிவு கண்ட ஊரார், கரை இன்றிரவு உடையுமா, அடுத்த மாதம் உடையுமா என்று தீர்மானமாகட்டுமென மண்கூடையைக் கீழே வைப்பதில்லை.

பூரண நிச்சயம் இல்லையென்பதைத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டலாகாது என்று 1992-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் எழுதி, ரியோ நகரில் கையொப்பமிட்டவர்கள் அயலார் அல்லர், இதே சர்க்கார்கள்தாம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் இதுகாறும் வெளியிட்ட கரியமில வாயுவில் பாதிக்குக் குறையாத பங்கு, அக்கையொப்பத்தின் மை உலர்ந்த பிறகு வெளிவந்தது.