மூன்று வீடுகளில் ஓர் இணையதளம்

ஒரு சிறுபத்திரிகைக்கோ ஊர் நூலகத்துக்கோ இணையதளம் வேண்டுமென்றால், பெரும்பாலும் டேட்டாபேஸும் தேவையில்லை, லாகின் பக்கமும் தேவையில்லை. ஹியூகோ போன்ற கருவி கட்டுரைகளை எச்டிஎம்எல் பக்கங்களாக்கிக் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பக்கங்களையும் படங்களையும் எங்காவது வைத்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்தால் போதும். இப்படிப்பட்டதைத்தான் ஸ்டாட்டிக் தளம் என்கிறார்கள். வாடகைக்கு இடம் தருபவர்கள் ஏராளம். ஆனால் நம் சொந்தக் கணினிகளிலேயே, அதுவும் ஒரு கணினி அணைந்தாலும் தளம் அணையாதபடி வைக்க முடியும். இன்று அது கைக்கெட்டும் வேலை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது கேரேஜ் என்ற மென்பொருள். பிரான்ஸில் இயங்கும் டூஃப்ளர் என்ற லாப நோக்கற்ற சங்கம் இதை உருவாக்கியது. தங்கள் சேவைகளைப் பெரிய டேட்டா சென்டர்களில் வைக்காமல், உறுப்பினர்களின் வீடுகளில் இருக்கும் சாதாரணக் கணினிகளில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வீட்டுக் கணினியில் கரண்ட் போகும், இன்டர்நெட் அறுபடும். அதையெல்லாம் தாங்கும் சேமிப்பு முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட, ஒரே கோப்பாக இறங்கி ஓடும் கட்டற்ற மென்பொருள் இது. 1 ஜிபி ரேம், 16 ஜிபி டிஸ்க் உள்ள பழைய கணினியே போதும்.

இதில் கோப்புகளை வைக்கும் முறைக்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்று பெயர். கோயில் வாசலில் செருப்பு விடும் இடம் மாதிரி. செருப்பைக் கொடுத்தால் டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் செருப்பு. உள்ளே எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயம். இங்கே டோக்கனுக்குப் பதில் கோப்பின் பெயர். முழுக் கோப்பாகக் கொடுக்கிறோம், முழுக் கோப்பாக வாங்குகிறோம், நடுவில் நாலு வரியை மட்டும் திருத்த முடியாது. கோப்புகளைத் தொகுத்து வைக்கும் பெட்டிக்குப் பக்கெட் என்று பெயர். 2006 மார்ச்சில் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவைதான் இந்த முறையைப் பரப்பியது. கேரேஜும் அதே எஸ்3 மொழியைப் பேசுவதால், எஸ்3-க்கு எழுதப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை இதனோடும் வேலை செய்கின்றன.

அடுத்து வருவதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள் வைக்கும்படி அமைப்போம். ஒரு கோப்பை ஏற்றும்போது மூன்றில் இரண்டு இடங்களில் எழுதி முடிந்ததுமே 'ஆயிற்று' என்று பதில் வந்துவிடும். மூன்றாவது பிரதி பின்னாலேயே போய்ச் சேரும். படிக்கும்போதும் இரண்டு இடங்களில் கேட்டுத்தான் எந்தப் பதிப்பு புதியது என்று முடிவாகும். இரண்டும் இரண்டும் நான்கு, இருப்பதோ மூன்று. ஆகவே எழுதிய இடங்களில் ஒன்றாவது படிக்கும் இடங்களில் கட்டாயம் இருக்கும், பழைய பக்கம் தவறி வந்துவிடாது. ஒரு கணினி படுத்தாலும் எழுதுவதும் படிப்பதும் தொடரும். இரண்டு படுத்தால் இரண்டுமே நிற்கும். இதில் தலைமைக் கணினி என்று எதுவும் கிடையாது. தலைமையைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்புவது, மெதுவான வீட்டு இணைப்புகளில் சரிப்படாது. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் கடைசி நேர முத்திரை உள்ளது வெல்லும். அதனால் கணினிகளின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆனால் மூன்று கணினிகளையும் ஒரே அறையில் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு ஃப்யூஸோடு முடிந்துவிடும். அதற்காகத்தான் கேரேஜில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு ஸோன் பெயரும் கொள்ளளவும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீடு ஒரு ஸோன், நண்பர் வீடு ஒரு ஸோன், அலுவலகம் ஒரு ஸோன் என்று வையுங்கள். மூன்று பிரதிகளும் மூன்று ஸோன்களுக்குப் பிரிந்து போகும். இதில் பலர் திகைத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வீட்டிலும் தலா 1 டிபி, அலுவலகத்தில் 500 ஜிபி இருந்தால், மொத்தத்தில் வைக்கக்கூடியது 500 ஜிபிதான். ஒவ்வொரு ஸோனும் எல்லாக் கோப்புகளிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டுமல்லவா? அலுவலகத்தில் இன்னொரு 500 ஜிபி கணினியைச் சேருங்கள், மொத்தம் 1 டிபி ஆகிவிடும். நல்ல வேளையாக, இந்த மாற்றங்கள் சொன்னவுடன் நடந்துவிடுவதில்லை. முதலில் திட்டமாகக் காட்டும். நீங்கள் பார்த்துச் சரியென்று உறுதிசெய்த பிறகே தரவு நகரத் தொடங்கும்.

நிறுவும் வேலை சின்னது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி கொண்ட ஒரு கட்டமைப்புக் கோப்பு. கணினிகள் தங்களுக்குள் பேசுவது வழக்கமாக 3901 போர்ட்டில், கோப்பு ஏற்றுவது 3900-இல், இணையதளம் காட்டுவது 3902-இல். வீட்டு இணைப்பில் வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லாவிட்டால், வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் மூலம் மூன்றையும் ஒரே தனி வலையில் சேர்த்துவிடலாம்.

தளத்தைக் காட்ட, டொமைன் பெயரையே பக்கெட்டின் பெயராக வைத்து, அந்தப் பக்கெட்டுக்கு வெப்சைட் அனுமதி கொடுத்தால் போதும். பிரவுசர் எந்த டொமைனைக் கேட்கிறதோ அந்தப் பெயருள்ள பக்கெட்டைத் திறந்து, முகப்புப் பக்கத்தைக் கேரேஜே எடுத்துத் தரும். ஒரு எச்சரிக்கை: அனுமதி முழுப் பக்கெட்டுக்கும்தான். வெளியே தெரியக்கூடாத எதையும் அதற்குள் போடாதீர்கள். எச்டிடிபிஎஸ் பூட்டைக் கேரேஜ் தராது. முன்னால் கேடி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் ஒன்றை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும் வாசல் ஒன்றே ஒன்று என்றால், அது விழும்போது தளமும் விழும், பின்னால் மூன்று பிரதிகள் இருந்தும் பயன் இல்லை. முடிந்தால் இரண்டு இடங்களிலாவது வாசல் வையுங்கள்.

ஏற்றும்போது சிறு தகராறுகள் வரும். எடுத்த எடுப்பிலேயே அனுமதி மறுக்கப்பட்டால், எஸ்3 முறையில் சேமிப்பிடத்தைக் குறிக்கும் ரீஜன் பெயரைப் பாருங்கள். கட்டமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் ஏற்றும் கருவியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் கையொப்பத்தில் அதுவும் சேர்கிறது. பக்கம் திறக்காமல் டவுன்லோட் ஆனால், ஏற்றும்போது கோப்பின் வகை சரியாகப் பதிவாகவில்லை. ஒவ்வொரு முறையும் முழுத் தளத்தையும் மறுபடி ஏற்றினால் இடம் வீணாகுமோ என்ற பயம் வேண்டாம். கேரேஜ் கோப்புகளை ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாக்கி, உள்ளடக்கத்தை வைத்தே அவற்றுக்குப் பெயரிடுகிறது. மாறாத படம் மறுபடி வந்தாலும் கூடுதல் இடம் பிடிக்காது.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேரேஜ் எழுதிவைக்கும் குறிப்பேட்டை மட்டும் எஸ்எஸ்டியில் வையுங்கள். அதற்கு வழக்கமாகப் பயன்படும் எல்எம்டிபி என்ற டேட்டாபேஸ், திடீரென்று கரண்ட் போனால் சிதைந்துபோக வாய்ப்புண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி கேரேஜிலேயே இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மூன்று பிரதிகள் இருப்பதை பேக்கப் என்று எண்ணிவிடக் கூடாது. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் மூன்று இடத்திலும் அழியும், பழைய பதிப்புகளைக் கேரேஜ் சேர்த்து வைப்பதில்லை. வாரம் ஒருமுறை ஆர்குளோன் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழுப் பக்கெட்டையும் இந்த மூன்றுக்கும் வெளியே உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். கட்டுரைகளின் மூலம் கிட் (git) களஞ்சியத்தில் இருந்தால் அவை பத்திரம்தான். படங்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை, அவற்றை முதலில் இறக்குங்கள்.