பாறைக்குள் எவ்வளவு நீர்? போர் போடுமுன் ஒரு கணக்கு

கொங்கு நாட்டில் ‘தோட்டம்’ என்றால் கிணற்றுப் பாசன நிலம் என்றே பொருள். 1932-ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், இப்பகுதியில் கவலை ஏற்றம் படிப்படியாக மறைந்து மின் மோட்டார் வந்தது. கிணறு வற்றியபோது ஆழப்படுத்தினோம், பக்கத்துளை போட்டோம், பிறகு 1000 அடி வரையிலும் ஆழ்துளைக் கிணறு போட்டோம். கடன் வாங்கிப் போட்ட துளையில் நீருக்குப் பதில் புழுதி பறந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆகவே அடுத்த துளை போடுமுன், நம் காலடியில் உள்ள பாறை எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை அறிந்து கொள்வது நல்லது.

அரசு நடத்திய ஆய்வு

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 1970-களில் சுவீடன் நாட்டு அரசின் உதவியுடன் நொய்யல், பொன்னானி, வட்டமலைக்கரை ஓடை ஆகிய மூன்று படுகைகளில் நிலத்தடி நீர் ஆய்வை நடத்தியது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு பொன்னானிப் படுகையைச் சேர்ந்தது. பல்லடம், காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரங்களின் வறண்ட நிலங்கள் நொய்யலையும் வட்டமலைக்கரை ஓடையையும் ஒட்டியவை.

சுவீடன் நாடும் நம்மைப் போலவே மிகப் பழமையான கடினப் பாறையின் மேல் அமைந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்நாட்டை மூடியிருந்த பனிப்பாளங்கள், சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகி மறையுமுன், பாறையின் மேல் இருந்த உளுத்த பகுதியைப் பெரும்பாலும் சுரண்டி எடுத்து விட்டன. ஆகவே அங்கே பாறை நீர் பெரிதும் வெடிப்புகளில்தான் உள்ளது. நம் நாட்டிலோ வெயிலும் மழையும் நெடுங்காலம் பாறையை உளுக்கச் செய்து, அந்த உளுத்த பாறையை அப்படியே விட்டு வைத்துள்ளன. இதுவே நமது நீர்த்தொட்டி. அதற்குக் கீழே உள்ள வெடிப்புகள் அத்தொட்டியிலிருந்து நீரைக் கொண்டு செல்லும் குழாய்களைப் போன்றவை.

திறந்த கிணறு தொட்டியிலிருந்து நேராக நீர் எடுக்கிறது. போர் குழாயிலிருந்து எடுக்கிறது. தொட்டி காலியானால் குழாயில் நீர் ஏது? பொதுவாக ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைந்தும் ஒடுங்கியும் போகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் ஆழமான போர் ஓடினால் உங்கள் கிணறு வற்றுவதற்கும், உங்கள் போர் ஓடினால் அவர் கிணறு வற்றுவதற்கும் காரணம் இதுவே.

வரவும் செலவும்

கோவைப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 650 முதல் 700 மி.மீ. நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-ல் வகுத்த அளவுகளின்படி, உளுத்த நைஸ் பாறைப் பகுதியில் மழையில் 8 முதல் 11 சதவிகிதமும், சார்னோகைட் என்னும் கரும்பாறைப் பகுதியில் சுமார் 5 சதவிகிதமும் மட்டுமே நிலத்தடியில் சேர்கிறது.

பத்து சதவிகிதம் என்றே வைத்துக் கொள்வோம். 650 மி.மீ. மழையில் 65 மி.மீ. கிடைக்கும். ஒரு ஏக்கருக்கு இது சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். இதுவே ஓர் ஆண்டின் வரவு. கரும்புக்குச் சுமார் 2000 மி.மீ. நீரும், மக்காச்சோளத்திற்குச் சுமார் 500 மி.மீ. நீரும் தேவை. இதை முழுவதும் கிணற்றிலிருந்தே பாய்ச்சினால், ஒரு ஏக்கர் கரும்பு முப்பது ஏக்கரின் வரவையும், ஒரு ஏக்கர் மக்காச்சோளம் எட்டு ஏக்கரின் வரவையும் குடித்து விடும். பயிரின் மேல் பெய்யும் மழையையும், பாய்ச்சிய நீரில் மீண்டும் ஊறுவதையும் கழித்தாலும், செலவு வரவை விட மிகுதி என்பது தெளிவு.

ஆழத்திற்கு மின்சாரமும் விலை கொடுக்கிறது. மோட்டாரின் செயல்திறன் 40 சதவிகிதம் என்று கொண்டால், ஆயிரம் லிட்டர் நீரை 100 அடியிலிருந்து ஏற்றச் சுமார் 0.2 யூனிட் போதும். 1000 அடியிலிருந்து ஏற்ற 2 யூனிட் வேண்டும். விவசாயிக்குக் கட்டணம் இல்லை என்றாலும் நாட்டிற்கு அது செலவே. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எடுக்கக்கூடிய நீரும் அந்த அளவிற்குக் குறைகிறது.

செய்ய வேண்டியவை

1. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும், கோடை முற்றிய மே மாதத்திலும் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து குறித்து வையுங்கள். ஜனவரி மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், செலவு மிகுதி என்று அறிந்து பயிரை மாற்ற வேண்டும்.

2. உங்கள் குறுவட்டத்தின் நிலத்தடி நீர் நிலையைக் கேட்டு அறியுங்கள். ஆண்டு வரவில் 70 சதவிகிதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 100 சதவிகிதத்திற்கு மேல் எடுத்தால் மிகைச் சுரண்டல் பகுதி. பின்னதில் புதிய போர் என்பது பக்கத்துக் கிணற்று நீரைப் பங்கு போடுவதே ஆகும்.

3. போர் போட்டே ஆக வேண்டுமானால், தேங்காயையும் வேப்பங்குச்சியையும் மட்டும் நம்பாமல், வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகி மின்தடை ஆய்வு செய்து கொள்ளுங்கள். உளுத்த பாறையின் கனத்தை இதனால் மதிப்பிடலாம். நீர் கிடைக்காத துளையை அன்றே உறுதியாக மூடி விட வேண்டும். திறந்து கிடக்கும் துளை குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து.

4. கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பண்ணைக் குட்டை ஆகியவற்றால் மழைநீரை நிலத்திலேயே நிறுத்துங்கள். வற்றிய திறந்த கிணற்றில் மழைநீரை விடுவதானால், முதலில் ஒரு குழியில் வண்டல் படியச் செய்து, மணல், ஜல்லி வழியாக வடிகட்டி விட வேண்டும்.

5. தென்னை, வாழை, கரும்பு ஆகியவற்றிற்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்கலாம். ஆனால் மிச்சமான நீருக்குப் பரப்பைக் கூட்டினால் சிக்கனத்தால் பயனில்லை.

2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானியின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்ல வகுக்கப்பட்டது. உங்கள் ஊர்க் குளம் அதில் இருந்தால் வரத்து வாய்க்காலைத் தூர்ந்து போகாமல் காத்து வாருங்கள்.

பாறை நீர் வங்கிக் கணக்கைப் போன்றது. போட்டதற்கு மேல் எடுக்க எந்த ஆழமும் வழி செய்யாது. எனவே பக்கத்துத் தோட்டத்தாருடன் கலந்து பேசி, ஜனவரி மட்டத்தைப் பார்த்துப் பயிர் செய்து, கிணற்றையும் குடும்பத்தையும் காப்பீர்களாக.