ஒரு மாத்திரைத் தொலைவு

பாரூர் ஏரிக்கரையில் பிறந்து, ஒசூர்த் தொழிற்பேட்டையில் பொறியாளனாகப் பணிபுரியும் இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும் எல்லை மண் அது. 1984இல் டிவிஎஸ் நிறுவனமும் சுசுகியும் கூடி உந்துவண்டி செய்யத் தொடங்கிய நாள்முதல் சப்பானியப் பெயர்களும் ஒசூருக்குப் பழக்கமாயின. 2001இல் அவ்விரு நிறுவனங்களும் பிரிந்தன, பெயர்களோ நிலைத்துவிட்டன. நம் இளைஞன் மணக்க விரும்பும் பெண் சப்பானைச் சேர்ந்தவள். அடுத்த திங்கள் அவளுடைய பெற்றோர் வருகின்றனர். முப்பது நாளில் அவன் எவ்வளவு சப்பானியம் கற்க முடியும்?

ஆங்கிலம் பேசுவோரைக் கேட்டால் அஞ்சவே வைப்பர். அமெரிக்க அரசின் அயலுறவுப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர்க்குச் சப்பானியம் கைவர 2200 வகுப்பு மணிநேரம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. அக்கணக்கு ஆங்கிலத்திலிருந்து புறப்படுவோர்க்கு உரியது. தமிழன் புறப்படும் இடம் வேறு. 'நான் நாளை ஒசூருக்குப் போகிறேன்' என்பதைச் சப்பானியர் 'வதசி வ அசித ஒசூர் நி இகிமசு' என்பர். சொற்கள் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ஒசூரை அடுத்து நான்காம் வேற்றுமை உருபுபோல் 'நி' வருகிறது. வினை இறுதியில் அமைகிறது. 'இகிமசு' 'நான்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் ஒன்றே. திணை பால் காட்டும் விகுதிச் சுமை அங்கில்லை.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். உணவு மேசையில் அப்பெண்ணின் தாய், தம் ஊரிலிருந்து கொணர்ந்த ஊறுகாயை நீட்டுகிறார். 'தபெதெ மிமசு' என்று அவன் சொல்லலாம். 'தபெதெ' என்றால் தின்று; 'மிமசு' என்றால் பார்க்கிறேன். தின்று பார்க்கிறேன்! கண்ணால் காணும் வினையை முயற்சிக்கு ஆளும் இவ்வழக்கை ஆங்கில வழிப் பாடநூல் தனி இலக்கணமாக விளக்கியாக வேண்டும். கேழ்வரகுக் களியை விருந்தினர்முன் வைத்து 'சாப்பிட்டுப் பாருங்கள்' என்னும் பாரூர்த் தாய்க்கு அது விளக்கம் வேண்டாத ஒன்று. நாம் 'வாங்கி வை' என்பதுபோல அவர்களும் வைத்தல் வினையைத் துணைவினை ஆக்குவர்.

சுட்டும் அவ்வாறே. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்பவை முறையே இது, உது, அது, எது. கேட்பவர் அருகிலுள்ளதைச் சுட்டும் 'உது' நம் பக்கத்தில் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வாழ்கிறது. தொல்காப்பியர் கூறிய மூன்று சுட்டுகளையும் மனத்தில் வைத்திருப்பவன் இப்பாடத்தை ஒரே மாலையில் முடிப்பான்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு வியந்தவர் சப்பானியப் பேரறிஞர் சுசுமு ஓனோ (1919–2008). பேராசிரியர் பொற்கோ போன்ற தமிழறிஞர் துணையுடன் ஆய்ந்து, சப்பானியத்திற்கும் தமிழுக்கும் வரலாற்று உறவு உண்டென்று வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் தயக்கம் முறையானதே என்பது என் கருத்து. கொரியமும் துருக்கியமும் வினையை இறுதியில் வைப்பவைதாம். அமைப்பு ஒத்திருப்பதனாலேயே குருதியுறவு ஆகிவிடாது. ஆனால் கற்பவனுக்கு வேண்டியது அமைப்பு. அதன் பயன் அவ்வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

ஒலிப்பில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். சப்பானியர் பேச்சை 'ஹகு' என்னும் ஒலியளவால் அளப்பர். அது நம் மாத்திரைக்கு நெருங்கிய உறவு. 'ஒபசன்' அத்தை அல்லது சித்தி, 'ஒபாசன்' பாட்டி. இடையிலிருப்பது ஒரு மாத்திரை. குறில் நெடிலைத் தாய்ப்பாலோடு பருகிய நமக்கு இது எளிது. 'மசு' என்னும் ஈற்றின் உகரம் ஏறத்தாழ மறைந்தே ஒலிக்கும்; குற்றியலுகரம் அறிந்த நாவுக்கு அதுவும் புதிதன்று. ஆனால் நாம் அரை மாத்திரையில் விடும் ஈற்று னகர ஒற்றுக்கு அவர்கள் முழு அளவு தருவர். 'ஒபசன்' நான்கு அளவு கொண்டது.

பெரிய இடர் வல்லினத்தில் இருக்கிறது. உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினத்தை நாம் மெலிதாக்குவோம். வலிதாக வேண்டின் இரட்டிப்போம். 'அகம்', 'அக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். சப்பானியத்தில் இரட்டாமலே வலிதாக ஒலிக்கும் மூன்றாம் நிலை உண்டு. 'கிதெ' என்பதில் தகரம் வலிதாக ஒலித்தால் 'வந்து' என்று பொருள். 'கித்தெ' என்றால் அஞ்சல்தலை. நம் நா முதற்சொல்லை மெலிதாக்கும், அல்லது இரண்டாவதாக மாற்றிவிடும். முப்பது நாளில் பத்து நாளை இதற்கே ஒதுக்குவது தகும்.

இனி முறைச்சொல். தன் தாயைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது சப்பானியர் 'ஹஹ' என்பர். பிறர் தாயை 'ஒகாசன்' என்பர். இரண்டையும் மாற்றிச் சொல்வது பிழை. இவ்வேறுபாடு தமிழுக்கும் இருந்தது. என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவர் தாய் தாய்; என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை. சங்கத்தமிழ் காத்த இந்நுட்பத்தை நாம் இழந்தோம், அவர்கள் இழக்கவில்லை. அப்பெண்ணின் தாயை நம் இளைஞன் 'ஒகாசன்' என்று அழைக்கலாம்; ககரம் வலிதாக, ஆகாரம் நெடிலாக.

நினைவில் நிறுத்துவது எப்படி? மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை உளவியலாளர் எபிங்காசு 1885இல் தம்மையே ஆய்வுப்பொருளாக்கி அளந்து காட்டினார். திரும்பப் படிப்பதைவிட, நூலை மூடி நினைவுகூர்ந்து பார்ப்பதே ஒரு கிழமைக்குப் பின்னும் நிலைக்கிறது என்று உளவியலாளர்கள் உரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் நிறுவினர். ஆகவே விடுமுறை நாளில் நான்கு மணிநேரம் அமர்வதைவிட, கிருட்டிணகிரியில் பேருந்து ஏறியதும் பத்துத் தொடர்களைப் பாராமல் சொல்லிப் பார்ப்பதும், வழியில் சூளகிரியில் பிழைகளைத் திருத்துவதும், மாலையில் திரும்பும்போது மீண்டும் சொல்வதும் மேல். பல்லாயிரம் சொல்லும் 2136 பொதுவழக்குச் சித்திர எழுத்துகளும் பின்னர் வரட்டும்.

ஒசூரிலும் கிருட்டிணகிரியிலும் சப்பானியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடத்தை ஆங்கிலத்தின் வழியே சுற்றிக் கொண்டுவராதீர்கள். முதல் வகுப்பில் கரும்பலகையில் இது, உது, அது, எது என்று எழுதுங்கள். அவற்றின் கீழே கொரெ, சொரெ, அரெ, தொரெ என்று எழுதுங்கள்.