வந்து போகும் கைகள்

கைவிடப்பட்ட, உடல் மன ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தொண்டு செய்ய உலகெங்கிலும் இருந்து கொல்கத்தாவுக்கு ஆட்கள் வருகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது எது?

கொல்கத்தாவின் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், 54ஏ எண்ணுள்ள கட்டடத்துக்கு முகவரி விசாரிக்கத் தேவையில்லை. ரிக்‌ஷாக்காரர்களுக்கு அது 'மதர் ஹவுஸ்'. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தொண்டர்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், டீ. ஸ்பெயினிலிருந்து வந்த மாணவி, ஜப்பானிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே கூடுவது பல பத்தாண்டுப் பழக்கம். டீ முடிந்ததும் நகரின் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அதே சாலையில், நடக்கும் தூரத்தில் இருப்பது நிர்மலா சிசு பவன்: கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம்.

அன்னை தெரசா 1950ல் தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபை, 1952ல் காளிகாட்டில் சாகக் கிடப்பவர்களுக்காக முதல் இல்லத்தைத் திறந்தது. 1955ல் வந்தது சிசு பவன். தெருவிலும் மருத்துவமனைகளிலும் விட்டுச் செல்லப்பட்ட சிசுக்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஆரோக்கியமான குழந்தைகளைத் தத்தெடுக்க ஆட்கள் இருந்தார்கள். கால் வளைந்த, கழுத்து நிற்காத, பேச்சு வராத குழந்தைகளைக் கேட்டு வந்தவர்கள் குறைவு. அவர்கள் இல்லத்திலேயே வளர்ந்தார்கள். ஊனமுற்ற குழந்தைகளுக்கென்றே 'தயா தான்' என்ற தனி இல்லமும் நகரில் உருவானது.

தனித்து வாழ்பவர்களும் தத்தெடுக்க வழிசெய்த புதிய விதிகளை ஏற்க முடியாது என்று சொல்லி, 2015ல் இந்தியாவில் தத்துக் கொடுக்கும் பணியிலிருந்தே சபை விலகிக்கொண்டது. சிறார் நீதிச் சட்டப்படி, கைவிடப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பெற்றோரைத் தேடிக் கிடைக்காவிட்டால், 2 வயதுவரை உள்ள குழந்தையை 2 மாதத்திலும், மற்றவர்களை 4 மாதத்திலும் தத்துக்குத் தகுதியானவர்களாக அறிவிக்கலாம். அறிவிப்பு சுலபம். பெற்றோர் கிடைப்பதுதான் கடினம். 'சிறப்புத் தேவை' உள்ள குழந்தைகளை ஏற்பவர்களில் வெளிநாட்டினரின் பங்கு கணிசமானது. உள்நாட்டுப் பெற்றோரின் நீண்ட வரிசை, ஆரோக்கியமான கைக்குழந்தைகளுக்காகவே காத்திருக்கிறது.

இந்தக் குழந்தைகளிடம்தான் தொண்டர் வந்து சேர்கிறார். முதல் நாள் அவர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு கிண்ணமும் ஸ்பூனும். ஊட்டுவது எளிது என்று நினைப்பவர்களுக்கு அங்கே முதல் பாடம். மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மெல்லுவதும் விழுங்குவதும் பெரும் போராட்டம். படுக்கவைத்தோ, தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நிமோனியா வரும், உயிரும் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, முன் வாய் விழுங்கியதா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இறுகிய கைகால்களை இழுக்கக் கூடாது. மெதுவாக, அது தளரும்வரை காத்திருந்து நீட்ட வேண்டும். அன்பு இருந்தால் போதும் என்று வருகிறவர் முதலில் கற்க வேண்டியது பொறுமையாகக் கேட்டுக்கொள்வதை.

கற்றுக்கொடுப்பவர்கள் கன்னியாஸ்திரீகள் மட்டுமல்ல. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்களும்தான். வங்காளத்தில் அம்மாவின் சகோதரியை அழைப்பதுபோல் அவர்களை 'மாஷி' என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும் அறிகுறி எது, எந்தக் குழந்தை எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எழுதிவைக்கப்படாத அறிவு அது. தொண்டரோ அதைப் பாதி கற்பதற்குள் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்.

சிக்கல் இங்கேதான். இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சியவர் திடீரென்று மறைந்துபோனால் குழந்தை என்ன செய்யும்? அடுத்தவரிடம் தாவும். எந்தப் புதியவரைக் கண்டாலும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து வருகையாளர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். மனநல வல்லுநர்களுக்கு அது கவலைக்குரிய அறிகுறி. ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் 2000ல் தொடங்கிய ஆய்வு இதில் முக்கியமானது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் பாசப் பிணைப்பும் தெளிவாகவே மேம்பட்டிருந்தன. குழந்தைக்கு வேண்டியது பல கைகள் அல்ல, மாறாத சில கைகள்.

சபையின் மருத்துவ முறைகள் மீதும் விமர்சனம் உண்டு. 1994ல் பிரிட்டனின் 'லான்செட்' இதழில் அதன் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், காளிகாட் இல்லத்தில் நோயறியும் முறையும் வலி நிவாரணமும் போதவில்லை என்று எழுதினார். அது குழந்தைகள் இல்லம் பற்றியதல்ல. ஆனால் கேள்வி எல்லா மத இல்லங்களுக்கும் பொருந்தும்: பரிவு, பயிற்சிக்கு மாற்றாகுமா? பயிற்சி தர கொல்கத்தாவிலேயே ஆள் உண்டு. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்காக 1974ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்று 'இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் செரிப்ரல் பால்சி' என்ற பெயரில் இயங்குகிறது.

அப்படியானால் தொண்டர்களே வேண்டாமா? 2020ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது வெளிநாட்டுத் தொண்டர் வரத்தும் நின்றது. குழந்தைகளுக்குப் பசிப்பது நிற்கவில்லை. கைகள் தேவைதான். ஆனால் கொஞ்சும் கைகளைவிட, மாஷியின் பாரத்தைக் குறைக்கும் கைகள். துணி துவைப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் மாஷிக்கு அரை மணி நேரம் மிச்சப்படுத்தினால், அது குழந்தைக்குத்தான் போகிறது. பிசியோதெரபி தெரிந்தவர் மாஷிகளுக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் போன பிறகும் வேலை தொடரும்.

உள்ளூர்க்காரருக்கு இன்னும் பெரிய வேலை காத்திருக்கிறது. 18 வயதானதும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் குழந்தைகள் அல்ல. நடக்கவோ பேசவோ முடியாதவர் அதற்குப் பிறகு எங்கே போவார்? 1999ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு 18க்குப் பிறகும் சட்டப்படி காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. 2016ம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. ஆனால் சான்றிதழ், அடையாள அட்டை, காப்பீடு எல்லாவற்றுக்கும் யாராவது அலுவலகப் படியேற வேண்டும். அந்த ஊர் பாஷை தெரியாத இரண்டு வார விருந்தாளியால் அது ஆகாது.

இதற்குக் கொல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டியதில்லை. தேவாலயமோ, மடமோ, அறக்கட்டளையோ நடத்தும் இதுபோன்ற இல்லங்கள் ஏறக்குறைய எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கின்றன. போவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட இல்லமா? வருகிறவரைப் பற்றி விசாரிக்கிறார்களா? யாரையும் கேள்வியின்றி உள்ளே விட்டு, குழந்தைகளோடு போட்டோ எடுக்கவும் அனுமதிக்கும் இல்லத்திலிருந்து விலகி நிற்பதே நல்லது. அனுமதி கிடைத்தால், பிறந்த நாளுக்கு ஒரு முறை கேக்கோடு போவதைவிட, வாரம் ஒரு நாள், அதே நாள், அதே நேரம், வருடக்கணக்கில் போகலாம். வியாழக்கிழமை மாலை இந்தக் குரல்தான் கேட்கும் என்று ஒரு குழந்தை தெரிந்துவைத்திருப்பது சின்ன விஷயம் அல்ல.