சாரதியில்லா வண்டியும் நமது சாலையும்



சிங்கப்பூரில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் சென்று திரும்பும் காரைக்கால் பெற்றோர், அங்குக் கண்ட புதுமைகளுள் ஒன்றை வியந்து கூறுவதுண்டு. ரயிலின் முன்கண்ணாடி வழியே சுரங்கப்பாதை தெரிகின்றது. ஓட்டுவதற்கோ ஆள் இல்லை! லிட்டில் இந்தியா நிலையத்தின் வழியாகச் செல்லும் வடகிழக்குப் பாதை அது. 2003 ஜூன் மாதம் திறக்கப்பட்ட நாள்முதல் அதில் ரயில்கள் தாமே இயங்கி வருகின்றன. அதற்கு முன்னரே, 1981இல் ஜப்பானின் கோபே நகரிலும், 1983இல் பிரான்சின் லீல் நகரிலும் இத்தகைய ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

நமது நாடும் இதில் கால் பதித்துவிட்டது. 2020 டிசம்பர் 28 அன்று டில்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் ஓட்டுநரில்லா ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. 2021 நவம்பரில் பிங்க் பாதையும் சேர்ந்தது. சென்னையிலும் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கென ஓட்டுநரில்லா ரயில்கள் செய்யப்பட்டு, 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் நடைபெற்றது.

ரயிலில் இயன்றது பேருந்தில் இயலாதோ என்று வினவுவது இயல்பே. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். மெட்ரோ ரயிலுக்கெனத் தனிப்பாதை உண்டு. அதன் குறுக்கே ஆடு வராது, மிதிவண்டி வராது. முன்செல்லும் ரயில் எங்குள்ளது என்பதைக் கணினி ஒவ்வொரு கணமும் அறியும். சாலையில் ஓடும் வண்டியோ படக்கருவிகள், ரேடார், லேசர் ஒளிக்கதிர் ஆகியவற்றின் துணையால் தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் கண்டு, கண்டது இன்னதெனத் தானே ஊகித்து, அது எத்திசையில் நகரும் எனவும் கணித்தாக வேண்டும்.

அவ்வூகம் தவறினால் நேர்வது யாது? 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணொருவர் ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி மோதி இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்னரே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆயினும் கணினி அவரை வண்டி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாற்றி மாற்றிக் கருதியது. குறிக்கப்பட்ட இடத்தில் அன்றி வேறிடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்ற எண்ணமே அதற்குப் புகட்டப்படவில்லை என அரசின் விசாரணை கண்டது. வண்டியைச் செய்தவர்கள் பொருத்தியிருந்த அவசரத் தடைக் கருவியும் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இனி நமது சாலையை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், காவியுடை அணிந்த திருப்பயணிகள் காரைக்கால் வழியாக வேளாங்கண்ணியை நோக்கி இரவிலும் நடக்கின்றனர். குறித்த இடத்தில் மட்டும் சாலையைக் கடப்போர் நம்மில் எத்தனை பேர்? அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் பாதிச் சாலையை அடைத்துக் கிடக்கும். நமது ஓட்டுநர்கள் இவற்றையெல்லாம் கண்ணால் மட்டுமன்று, பழக்கத்தாலும் அறிவர்.

பிழைப்பைப் பற்றிய கேள்வியும் உண்டு. ஓட்டுநரில்லாக் கார்கள் பலருடைய வேலையைப் பறிக்கும். ஆதலால் அவற்றை அனுமதியோம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் கூறினார். கனரக வாகன உரிமம் பெற்றுக் குடும்பத்தைத் தாங்கும் இளைஞர் நம் பங்குகளிலும் உள்ளனர். சிங்கப்பூரின் நிலை வேறு. அங்குப் பேருந்து ஓட்ட ஆள் கிடைப்பது அரிது. எனவே பொங்கோல் வட்டாரத்தில் குறிப்பிட்ட தடங்களில் சிறு தானியங்கி வண்டிகளை இயக்க 2025 செப்டம்பரில் இரு நிறுவனங்களை அரசு தெரிவு செய்தது. பெரிய பேருந்துகளை அகற்றுவதற்கன்று, அவற்றுக்குத் துணையாகவே அவை வருகின்றன. தொடக்கத்தில் பாதுகாவலர் ஒருவரும் வண்டியில் இருப்பார் என அறிவிக்கப்பட்டது.

இந்த ஒழுங்கு நமக்கும் பாடமாகும். புதிய வண்டி பொதுப் போக்குவரத்தின் கையாளாக வருதல் நன்று. பணம் படைத்தோரின் தனி ஊர்தியாக மட்டும் வந்தால் சாலை மேலும் நெரிசலுறும், நெடுங்காட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரவேண்டிய மூதாட்டியோ நிறுத்தத்திலேயே காத்திருப்பார்.

பொறுப்பு யாருடையது என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்படல் வேண்டும். டெம்பி விபத்தில் நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. வண்டியில் மேற்பார்வைக்கு அமர்ந்திருந்த பணியாளரே 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவர் கவனம் சிதறியது உண்மையே. ஆயினும் கருவியை வகுத்தவரும் அதனால் பயன்பெற்றவரும் விலகி நிற்க, கடைநிலை ஊழியர் மட்டும் சுமையை ஏற்பது நீதியாகுமா? எந்திரத்திற்கு மனச்சான்று இல்லை. எனவே அதை ஏவியவரின் மனச்சான்றே பதில் சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. எதிரே ஆள் வருவதை உணர்ந்து தானே தடை போடும் கருவியும், ஓட்டுநர் கண்ணயர்ந்தால் எச்சரிக்கும் கருவியும் இதே அறிவியலின் கொடைகளாம். ஓட்டுநரை இருக்கையிலிருந்து இறக்காமல் அவருக்குத் துணைநிற்பவை இவை. நமது ஊர்ப் பேருந்துகளுக்கு இவை வேண்டுமென மக்கள் பிரதிநிதிகளிடம் இன்றே கேட்கலாம். இரவில் நடக்கும் திருப்பயணிகள் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையை அணிவதற்கோ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.