கைத்தொலைபேசியில் ஏடு காத்தல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அந்நாட்டு மரபு. ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்பது பொருள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பை மக்கள் நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவைகளிலும் தோணிகளிலுமே கடந்தனர். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். நீர் குறுக்கிடும் நாட்டில், வேண்டும்போது அக்கரை சென்று பெற்றுக்கொள்ளலாம் என்று வாளாவிருத்தல் இயலாது. வேண்டுவனவற்றை முன்னரே கொணர்ந்து இல்லத்தில் வைத்தல் வேண்டும். இவ்வழக்கம் உப்புக்கும் மருந்துக்கும் மட்டுமன்றி, இன்று கல்விக்கும் பொருந்துவதாயிற்று.

கற்போர் நாடும் கட்டுரைகளிற் பெரும்பகுதி இப்பொழுது இணையத்தில் உள்ளது. அதனை அடையும் வழியோ எப்பொழுதும் திறந்திருப்பதன்று. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், ஊவா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றின் மாணவர் அலைத்தொடர்பு நாடிப் பாறை உச்சிக்கு ஏறிப் பாடங் கேட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, தொடர்பு குன்றாத நகரத்தாரும் அந்நிலையை ஒருவாறு உணர்ந்தனர். தொடர்பு உள்ளபோது கட்டுரையைச் சேமித்து, இல்லாதபோது வாசித்தல் எங்ஙனம் என்பதை அறிதல் மாணவர்க்கு இன்றியமையாதது.

வலைப்பக்கம் என்பது கைத்தொலைபேசியின் உள்ளே இருப்பதன்று. தொலைவிலுள்ள ஒரு கணினியிலிருந்து எழுத்தும், படமும், அவற்றை அமைக்கும் விதிகளும் தனித்தனியே வந்துசேர, உலாவி அவற்றைக் கூட்டித் திரையில் ஒரு பக்கமாகக் காட்டுகின்றது. வந்தவற்றுள் ஒரு பகுதியை உலாவி தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் இடம் போதாதபோது அதனை எவரையும் கேளாது நீக்கிவிடும். நேற்று வாசித்த பக்கம் இன்று தொடர்பின்றித் திறத்தல் தற்செயலேயன்றி, நம்பத்தக்கதன்று.

இவ்விடத்துப் பலரும் மயங்கும் ஒரு வேறுபாடு உண்டு. பக்கத்தைக் குறித்துவைத்தல் வேறு. பக்கத்தைப் பெற்றுவைத்தல் வேறு. உலாவியில் நட்சத்திரக் குறியிட்டு வைப்பது முகவரி மாத்திரமே. அக்கரையிலுள்ள நண்பர் வீட்டு முகவரியை எழுதிவைத்தவன் நண்பரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தவன் ஆகான்.

பின்னர் வாசிப்பதற்கெனக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் சேவைகளின் வரலாறு இதனை நன்கு காட்டும். 2007ஆம் ஆண்டில் வேறு பெயருடன் தோன்றி, 2012இல் ‘பொக்கெற்’ எனப் பெயர் மாறிய சேவை இவற்றுள் மிகப் புகழ்பெற்றது. 2017இல் மொசில்லா நிறுவனம் அதனை வாங்கிற்று. 2025ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி அது மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கிற் சேர்த்தோர் தம் சேமிப்பை எடுத்துச்செல்லச் சிறிது தவணை வழங்கப்பட்டது. எனினும் அவர் கையிற் கிடைத்தது தலைப்பும் முகவரியுங் கொண்ட பட்டியல். கட்டுரைகளின் வாசகம் அன்று. முகவரிகளுட் சில அதற்கு முன்னரே வழக்கொழிந்திருந்தால், அக்கட்டுரைகளை எங்கே தேடுவது? 2008இல் தோன்றிய ‘இன்ஸ்ரபேப்பர்’ போன்ற சேவைகள் வாசிப்புக்கு இனியனவே. ஆயினும் பிறர் பண்டகசாலையில் வைத்த நெல்லைத் தன் பட்டறையிலுள்ளதாக எண்ணலாகாது.

கோப்பாகத் தன் கருவியில் இறக்கிக்கொள்வதே உறுதியான வழி. அன்ரொயிட் கைத்தொலைபேசிகளிற் குரோம் உலாவியின் பட்டியலிலுள்ள தரவிறக்கக் குறியை அழுத்தினால், பக்கம் படங்களுடன் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். ஐபோனில் சவாரி உலாவியின் வாசிப்புப் பட்டியல் 2012 முதல் இவ்வசதியைத் தருகின்றது. ஆனால் தொடர்பின்றி வாசிக்கச் சேமிக்குமாறு அதற்குப் பணித்தல் வேண்டும். அச்சிடும் கட்டளையைக் கொடுத்துத் தாளில் அச்சிடாது பீடீஎப் கோப்பாக்குதல் மற்றொரு முறை. அது எக்கருவியிலும் திறக்கும் என்பது அதன் சிறப்பு. சிறிய திரையில் எழுத்து நுணுகுதலும், அதிலிருந்து தமிழ் வாசகத்தைப் படியெடுக்குங்கால் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைதலும் அதன் குறைகள்.

எம்முறையைக் கையாண்டாலும், சேமித்தபின் தொடர்பைத் துண்டித்து ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. தற்காலத்துப் பக்கங்கள் பல, வாசிப்போர் கீழே இறங்க இறங்கவே படங்களை வருவிக்கின்றன. இறுதிவரை இறக்கிப் பாராது சேமித்தால் படத்திற்குரிய இடம் வெறுமையாய் நிற்கும். பாதை நடு வாவியிற் செல்லும்போது இதனை அறிவதிற் பயனில்லை.

இடம் போதாது என்னும் அச்சம் வேண்டா. யூனிக்கோட்டு முறையின் பெருவழக்கான வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று இடங் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துடன் விசிறியும் புள்ளியும் சேர்ந்து ஐந்து குறிகள் உள்ளமையால், அச்சொல் 15 பைற்று ஆகும். இக்கணக்கின்படி 800 சொற்கொண்ட கட்டுரை ஏறத்தாழ 20 அல்லது 25 கிலோபைற்றுக்குள் அடங்கும்; ஆயிரங் கட்டுரைகள் 25 மெகாபைற்றைத் தாண்டா. இடத்தைப் பெரிதுங் கொள்வன படங்களே. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தின் நூல்களிற் பல, தாள்களைப் படமாக வருடி ஆக்கப்பட்டவை, இவை கனமானவை. நகரில் தரவு மலிவாய்க் கிடைக்கும்போதே இவற்றை இறக்கிக்கொள்ளல் தகும். கலைக்களஞ்சியம் முழுவதையும் விரும்புவோர்க்குக் கிவிக்ஸ் என்னும் செயலி உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை அதன்வழி ஒரே கோப்பாக ஏற்றித் தொடர்பின்றியே தேடிப் படிக்கலாம்.

பழைய தமிழ்ப் பக்கங்களிற் சிறிது விழிப்பு வேண்டும். யூனிக்கோடு பரவுமுன், இலங்கையில் பாமினி முதலிய எழுத்துருக்களால் அமைத்த பக்கங்கள் ஏராளம். எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அவை பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். அத்தகையவற்றைச் சேமிக்குமுன் யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இனி, சேமித்த கோப்பிற்கும் ஏட்டுப் பிரதிக்கும் உள்ள உறவு கருதத்தக்கது. வைகாசிச் சடங்கிற் கண்ணகி கோயில்களிற் படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரை, 1968இல் வீ. சீ. கந்தையா அவர்களாற் பதிப்பிக்கப்படுமுன், ஏடுகளிலேயே வாழ்ந்தது. மட்டக்களப்பு மான்மியமும் 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பிக்கும்வரை அவ்வாறே. ஓரிடத்து ஏடு செல்லரித்தாலும் வேறிடத்து ஏடு நின்றது. ஆதலின் நினைவக அட்டையில் ஒரு பிரதியும், உடன்கற்கும் தோழனிடத்து ஒரு பிரதியும் இருத்தல் மிகையன்று. கற்றற்பொருட்டு இங்ஙனம் வைத்தல் வேறு; ஆசிரியர் இசைவின்றி மறுபடி வெளியிடல் வேறு.

ஏட்டிற் பாடபேதம் எழுதுவோர் கைப்பிழையால் வந்தது. வலைப்பக்கத்திலோ, சேமித்தவன் அறியாதவாறு மூலமே திருத்தப்படுகின்றது. சனவரியிற் சேமித்த கட்டுரையும் சூனில் அதே முகவரியில் நிற்கும் கட்டுரையும் வேறுபடலாம். இரண்டனுள் மேற்கோள் காட்டப்பட்டது எது என்னும் வினா எழும். ஆதலால் ஆசிரியர் பெயர், முகவரி, சேமித்த திகதி ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேனும் அருகில் ஒரு குறிப்பிலேனும் எழுதிவைத்தல் வேண்டும். ஏடெழுதினோர் இறுதி ஓலையில் ஆண்டும் மாதமும் தம் பெயரும் பொறித்தது இத்தகைய தேவை கருதியே.